சபாரத்தினம் ஹீத்ரோவில் நின்ற கதை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு மணியை யாராவது விடாமல் அழுத்தினால், அது சபாரத்தினமாகத்தான் இருக்க வேண்டும் என்று தவமலருக்குத் தெரியும். இல்ஃபோர்டில் மற்றவர்களெல்லாம் ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். கதவைத் திறந்ததும் மனிதர் நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய், கையிலிருந்த மூன்று சிறு புத்தகங்களை வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொரு அட்டையிலும் இறந்துபோன ஒருவர் கோட்டு சூட்டுடன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், இந்த மூண்டு பேரும் ஒரே ஆளோ?"

"ஏன் அண்ணை?"

"வாசிச்சுப் பாருங்கோ. மூண்டு பேரும் கொண்ட கொள்கையிலை மாறாதவை. மூண்டு பேரும் வருவோரை இன்முகத்துடன் வரவேற்றவை. இந்தக் கந்தசாமியைப் பற்றி உப்பிடி எழுத உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது? அவன் ஆரையாவது வரவேற்றதை நீங்கள் கண்டனீங்களோ?"

தவமலருக்கு முகம் சுட்டது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும். வந்தவர்களுக்குச் சோறு போட்டு, போகும்போது ஆளுக்கொரு புத்தகமும் கொடுத்து அனுப்புவார்கள். தேவாரம், குடும்ப மரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு எல்லாம் அதில் இருக்கும். பளபளப்பான தாளில் அச்சடித்தாலும் அதற்குப் பெயர் கல்வெட்டுத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்த பாவத்துக்கு, இல்ஃபோர்டின் கல்வெட்டுகளெல்லாம் பதினொரு வருடமாகத் தவமலரின் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தன. நூற்று நாற்பது தாண்டிவிட்டது. முதலாவது, சொந்தக் கணவருக்கு எழுதியது. அவரும் வருவோரை இன்முகத்துடன் வரவேற்றவர் என்றுதான் அதில் இருக்கிறது. உண்மையில் வாசலில் யாரையாவது கண்டால் அந்த மனிதர் மேல்மாடிக்கு ஓடிப் போய்ப் போர்த்துக்கொண்டு படுத்துவிடுவார்.

"நான் செத்தாப் பிறகு என்ரை பிள்ளையள் வாட்ஸ்அப்பிலை பேரும் பிறந்த திகதியும் அனுப்புவினம். நீங்கள் கந்தசாமியை அழிச்சுப்போட்டுச் சபாரத்தினம் எண்டு போடுவியள். அது நடக்காது. என்ரை கல்வெட்டை இப்பவே எழுதுங்கோ. நான் வாசிச்சுச் சரி எண்டால்தான் சாவன்."

சபாரத்தினத்துக்கு எழுபத்தொரு வயது. சர்க்கரை கொஞ்சம் கூட, முழங்கால் கொஞ்சம் மோசம், மற்றபடி கல்லுப்போல இருந்தார். பெற்றோல் நிரப்பும் செட்டில் ஷிப்ட் வேலை செய்து, கடை போட்டு, கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, இப்போது கோயில் நிர்வாக சபையில் எல்லோருக்கும் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பவர். அன்றைக்கே தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். தவமலர் கொப்பியை எடுத்தார். அரை மணி நேரத்தில் அவர் எதிர்பார்த்த இடத்துக்குக் கதை வந்து சேர்ந்தது.

"எண்பத்தெட்டு, பெப்ரவரி. பனி கொட்டுது. என்னைக் கலியாணம் கட்ட நாகேஸ்வரி வந்து இறங்கிறா. நான் பிளைட் வர ரெண்டு மணித்தியாலம் முந்தியே ஹீத்ரோவிலை நிக்கிறன், கையிலை பூக்கொத்து..."

இந்தக் கதை இல்ஃபோர்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் பாடம். எந்தக் கலியாண வீட்டிலும் ஒலிவாங்கி அவர் கைக்குப் போனால், மாப்பிள்ளை பொம்பிளையைத் தாண்டி அது ஹீத்ரோவுக்குத்தான் போகும். பூக்கொத்தோடு அவர் நிற்கும் படமும் கைப்பேசியில் தயாராக இருக்கும்.

தவமலர் எழுதாமல் பேனையை மூடினார். அவருக்கு அலுத்துவிட்டது. அலுக்கப் பண்ணியவர் ஒரு துறவி.

கிழமையில் மூன்று நாள் தவமலருக்கு மத்திய லண்டனில் வேலை. ஒரு பழைய நூலகத்தின் காட்சிக்கூடத்தில் கறுப்புக் கோட்டுடன் நின்று, பிளாஷ் போட வேண்டாம் என்றும் கழிப்பறை இடதுபக்கம் என்றும் சொல்ல வேண்டும். மிச்ச நேரமெல்லாம் அவருக்கு முன்னால் இருந்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒஸ்பேர்ட் என்ற துறவியின் நாளாகமம் விரிந்து கிடந்தது. எண்ணூறு வருடங்களுக்கு முன் கிழக்கு இங்கிலாந்தில் ஒரு மடத்தில் இருந்துகொண்டு, தன் காலத்துச் சங்கதிகளை ஒன்று விடாமல் எழுதி வைத்த மனிதர். ஆலங்கட்டி மழை, இரண்டு தலையோடு பிறந்த கன்று, அரசன் பரிவாரத்தோடு வந்து மடத்துக் கோழிக்கூட்டைக் காலி செய்துவிட்டுப் போனது எல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்தில் வைத்த அட்டையில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. எட்டு மாதமாக அந்த அட்டையைப் படித்துப் படித்து, தவமலருக்கு ஒஸ்பேர்ட் ஒரு சக ஊழியர் போலவே ஆகிவிட்டார். ஆனால் இந்தச் சக ஊழியர் வெட்கப்பட வைத்தார். யாரைப் பற்றியும் கண்டபடி புகழ மாட்டார். எதை எழுதினாலும் கடைசியில் சாட்சி சொல்வார். தான் பார்த்ததென்றால், 'நான் அங்கே நின்றேன்.' கேட்டதென்றால், 'இதை எனக்குச் சொன்னவர் அங்கே நின்றவர்.'

அடுத்த செவ்வாய்க்கிழமை சபாரத்தினம் அங்கேயே வந்துவிட்டார். எத்தனை பக்கம் முடிந்தது என்று கேட்க வந்தாராம்.

"ஒரு பக்கமும் எழுதேல்லை. நீங்கள் வந்தது நல்லது. இதைப் பாருங்கோ."

இடதுபக்கத்தில் மடாதிபதிகளின் மரணங்கள் இருந்தன. தவமலர் மெல்லிய குரலில் தமிழில் சொன்னார். "இவர் வால்ட்டர். 'மடாதிபதி வால்ட்டர் இறந்தார். நல்லவர்.' அவ்வளவுதான். அடுத்தவர் ஹியூ. 'மடாதிபதி ஹியூ இறந்தார். விரத நாளில் விலாங்கு மீனைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்துத் தின்றவர். தன் நாயைச் சாப்பாட்டு மேசையில் பிஷப்புக்குப் பக்கத்தில் இருத்தியவர். குதிரை ஓட்டத் தெரியும் என்று சொல்லி, அரசனுக்கு முன்னால் மீன் குளத்துக்குள் விழுந்தவர். நான் அங்கே நின்றேன். ஏழைகள் கேட்டால் திட்டிக்கொண்டே கொடுப்பார், ஆனால் கொடுப்பார். அவர் போன பிறகு மடத்தில் சத்தம் இல்லை.'"

சபாரத்தினம் சிரித்த சிரிப்பில், அடுத்த அறையிலிருந்து மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு திடீரென்று நின்றது. மனிதர் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு வரிகளை எண்ணினார்.

"நல்ல மனுசனுக்கு ஒரு வரியோ?"

"ஓம்."

"விலாங்கு கள்ளனுக்குப் பன்னிரண்டு வரியோ?"

"ஓம் அண்ணை."

"இண்டைக்கு நான் ஆரை நினைச்சுக்கொண்டு வீட்டை போகப் போறன், வால்ட்டரையோ ஹியூவையோ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, பெரிய முடிவு எடுத்தவராகச் சொன்னார்: "ரீச்சர், என்ரை குறையளையும் எழுதுங்கோ."

வலதுபக்கத்தை அவர் பார்த்ததாகத் தவமலருக்குத் தெரியவில்லை. அங்கே, அரசனின் முடிசூட்டு விருந்தைச் சொல்லும் இடத்தில், தோல் தாள் வழுக்கைத் தலை போல ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. ஒஸ்பேர்ட் கிழவரான பிறகு கத்தியால் சுரண்டிய இடம். விசேட விளக்கு வைத்துப் பார்த்தபோது, அழித்த சொற்கள் தெரிந்தன என்று அட்டை சொன்னது: 'நான் அங்கே நின்றேன்.' ஓரத்தில் நடுங்கும் கையெழுத்தில் புதிதாக எழுதியிருந்தார்: 'நான் அங்கே நிற்கவில்லை.'

அன்று பின்னேரமே குறைகள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வந்து குவியத் தொடங்கின. "ரீச்சர், எழுதுங்கோ. எனக்கு இரக்கம் கூடிப்போச்சு. அது ஒரு குறைதான்." "ரீச்சர், நான் கோபக்காரன், ஆனா நியாயத்துக்கு மட்டும்தான் கோவிக்கிறனான்." இரண்டு நாளில் இதுவும் போதவில்லை. எண்பத்தாறில் ஈஸ்ட்ஹாமில் தன்னை மறித்த நாலு வெள்ளைக்காரப் பொடியன்களைத் தனியாளாக அடித்து விரட்டியதாக ஒன்று வந்தது. மறுநாள் அது ஆறு பேராகியிருந்தது. மடாதிபதி ஹியூவை எப்படியாவது முந்திவிட வேண்டும் என்று மனிதர் கங்கணம் கட்டிக்கொண்டு நிற்பது தவமலருக்குப் புரிந்தது.

"சாட்சி வேணும் அண்ணை," என்று பதில் அனுப்பினார். "நான் நாகேஸ்வரி அக்காவைக் கேக்கப் போறன்."

"தாராளமாக் கேளுங்கோ! அவ பொய் சொல்ல மாட்டா."

சபாரத்தினம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தவமலர் அவர் வீட்டுக்குப் போனார். நாகேஸ்வரி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் பத்து நிமிடத்தில் தேத்தண்ணியும் தட்டில் ஏதாவதும் வைத்துவிட்டு, வேலையிலேயே கண்ணாக இருக்கும் மனுஷி.

"குறையோ? ஒரு குறையும் இல்லை. தங்கமான மனுசன்," என்றார் முதலில், கல்வெட்டு போலவே.

தவமலர் தேத்தண்ணியைக் குடித்தார். இரண்டு வெங்காயம் உரிபட்டது.

"கறியை வாயிலை வைக்க முந்தியே உப்புப் போடுவார். முப்பத்தேழு வருசம்."

இன்னொரு வெங்காயம்.

"பாதை தெரியாட்டி ஆரையும் கேக்க மாட்டார். ஒருக்கா பேர்மிங்ஹாம் கலியாணத்துக்கு வெளிக்கிட்டுக் கடலைக் கண்டனாங்கள். அங்கை நிண்டு மீனும் சிப்ஸும் திண்டிட்டுத் திரும்பி வந்தது."

தவமலர் எழுதினார். பேனை ஓடுகிற சத்தம் நாகேஸ்வரிக்குப் பிடித்திருந்ததோ என்னவோ, கத்தியைக் கீழே வைத்தார்.

"ஹீத்ரோவையும் எழுதுவியளோ?"

"அது அண்ணை சொல்லிப்போட்டார்."

"அவருக்கு என்ன தெரியும்? அவர் அங்கை நிக்கேல்லை."

தவமலரின் பேனை நின்றது.

"நான் வந்து இறங்கி மூண்டு மணித்தியாலம் நிண்டனான், தவமலர். மெல்லிசுச் சேலை, காலிலை செருப்பு. கதவு திறக்கத் திறக்கப் பனிக்காத்து வந்து அடிக்குது. போற வாற தமிழ் முகம் எல்லாத்தையும் பாக்கிறன், இவரோ இவரோ எண்டு. கையிலை ஒரு படம்தானே இருந்தது. கடைசியிலை ஒரு அண்ணை ஓடி வந்து, 'சபாவுக்கு ஷிப்ட், என்னை அனுப்பினவன்' எண்டார். இவர் பூவோடை நிண்டது அடுத்த வருசம், மாமி வரேக்கை. அந்தப் படத்தை வடிவாப் பாருங்கோ, ஓரத்திலை மாமியின்ரை கைப்பை தெரியும்."

தவமலருக்குச் சிரிப்பு வந்தது. நாகேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டார்.

"ஏன் அக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டவை? எல்லாக் கலியாண வீட்டிலையும் அவருக்குப் பக்கத்திலை நிண்டு சிரிச்சுக்கொண்டிருக்கிறன். நீங்கள்தான் முதல் கேட்டது."

திரும்பி வரும் வழியெல்லாம் தவமலருக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. எழுதினால் எழுபத்தொரு வயதில் ஒரு மனிதரின் மானம் போகும். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் கல்லெறிந்த மாதிரியும் ஆகும். எழுதாவிட்டால் நாகேஸ்வரி அந்தக் குளிரில் இன்னும் நின்றுகொண்டேதான் இருப்பார். நூற்று நாற்பது குடும்பங்களுக்கு இனிக்க இனிக்க எழுதிக் கொடுத்தாயிற்று. அதில் எத்தனை பேர் இப்படி ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்களோ? வியாழக்கிழமை முழுவதும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அந்த வழுக்கை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழிப்பறை எங்கே என்று கேட்ட இரண்டு பேரைப் பிழையான பக்கம் அனுப்பியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்து, அச்சடித்த பிரதி ஒன்றைச் சபாரத்தினத்தின் தபால் பெட்டியில் போட்டார். உப்பு இருந்தது, கடல் இருந்தது, ஈஸ்ட்ஹாம் பொடியன்கள் இல்லை. கடைக்கு வந்த புது அகதிப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே வேலைக்கு எடுத்தது இருந்தது. அதற்குச் சாட்சி ஒன்பது பேர். நான்காம் பக்கத்தில் இது இருந்தது:

'1988 பெப்ரவரியில் நாகேஸ்வரி லண்டன் வந்தார். கடும் பனி. ஹீத்ரோவில் மூன்று மணி நேரம் தனியே காத்து நின்றார். ஷிப்ட் காரணமாகச் சபாரத்தினம் வரவில்லை. இதை எனக்குச் சொன்னவர் அங்கே நின்றவர்.'

ஒரு நாளைக்குப் பத்துக் குரல் செய்தி அனுப்புகிற மனிதரிடமிருந்து திங்கள் ஒன்றும் வரவில்லை. செவ்வாயும் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலிலும் ஆளைக் காணோம். தவமலர் அக்காவுக்கு அழைத்துப் பார்க்கலாம் என்று கைப்பேசியை எடுப்பதும், எடுத்தால் என்ன கேட்பது என்று வைப்பதுமாக இருந்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாசல் மணி ஒரே ஒரு தடவை அடித்தது. தவமலர் தபால்காரன் என்று நினைத்துத் திறந்தார். சபாரத்தினம் நின்றார். சவரம் செய்யாத முகம், கையில் அந்தப் பிரதி.

"அண்ணை, நான் அதை எடுத்துவிடுறன்..."

"நாலாம் பக்கத்தைப் பாருங்கோ."

தவமலர் புரட்டினார். 'ஷிப்ட் காரணமாக' என்ற இரண்டு சொல்லும் இல்லை. கடையில் பெட்டி வெட்டுகிற பிளேடால் சுரண்டியிருந்தார். அழுத்திச் சுரண்டியதில் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. ஓரத்தில் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: 'ஷிப்ட் இல்லை. சிநேகிதன் அறையில் 304 சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். துரும்பு என் கையில் இருந்தபடியால் எழும்ப மனம் வரவில்லை. நான் அங்கே நிற்கவில்லை.'

தவமலர் நிமிர்ந்து பார்த்தார்.

"மற்றப் பக்கத்தையும் பாத்தனான், அண்டைக்கு," என்றார் சபாரத்தினம். "திரும்பிப் போகேக்கை. நீங்கள் ஆருக்கோ கழிப்பறை காட்டப் போயிட்டியள்." குரல் இறங்கியது. "ஷிப்ட் எண்டுதான் அவ இண்டைவரைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கிறா. இதை அவவிட்டைக் குடுக்கவேணும். தனியக் குடுக்க எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் வாங்கோ."

அரசனுக்கு முன்னால் குதிரையில் ஏறப்போன ஹியூவின் முகமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

நாகேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். அவசரப்படவில்லை. கடல் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். நான்காம் பக்கத்தில் விரலை அந்த ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். ஓரத்து எழுத்தை இரண்டு தரம் வாசித்தார். சபாரத்தினம் கதிரையின் நுனியில் இருந்தார்.

"வெண்டனீங்களோ?" என்றார் நாகேஸ்வரி.

"என்ன?"

"அண்டைக்கு. அந்த ஆட்டம்."

சபாரத்தினம் தவமலரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் தன் முழங்காலைப் பார்த்தார். "இல்லை. தோத்துப்போனன்."

நாகேஸ்வரிக்கு எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்ததோ தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் கையூன்றி, கண்ணீர் வழியச் சிரித்தார். "என்னைப் பனியிலை நிக்கவிட்டிட்டுப் போய்த் தோத்தும் போனியளோ? துரும்பையும் வைச்சுக்கொண்டோ?" பாதிச் சிரிப்பில் அது அழுகையாகிவிட்டது. தவமலர் எழும்பி அவர் தோளைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. கோட்டைப் போடுங்கோ."

"எங்கை?"

"ஹீத்ரோவுக்கு."

மூன்று பேரும் எலிசபெத் லைன் ரயிலில் போனார்கள். வழியில் வாங்கிய மஞ்சள் பூக்கொத்தைச் சபாரத்தினம் மடியில் வைத்திருந்தார். வருகை மண்டபத்தில், பெயரட்டை பிடித்த டாக்சிக்காரர்களுக்கு நடுவே கம்பிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, "மூண்டு மணித்தியாலம்," என்று சொல்லிவிட்டு, நாகேஸ்வரி தவமலரோடு எதிரே இருந்த கஃபேயில் போய் உட்கார்ந்தார்.

முதல் ஒரு மணி நேரம் சபாரத்தினம் வீராப்பாக நின்றார். பிறகு ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறத் தொடங்கினார். கோயிலில் கண்ட குடும்பம் ஒன்று பெட்டிகளோடு வெளியே வந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

"சபா அண்ணை, ஆரைக் கூப்பிட வந்தனீங்கள்?"

"மனிசியை."

"அக்கா எங்கை போனவ?"

"போகேல்லை. இப்பதான் முதல் தரம் வாறா," என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமைக்குள் அவருக்கு மறதி நோய் என்று இல்ஃபோர்ட் முழுவதும் பேசும் என்று தவமலர் நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது மணி நேரம் முடிந்தபோது அவர் கம்பியில் சாய்ந்துவிட்டார். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து, பூக்கொத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். நடிக்கவில்லை. யாரோ உண்மையாகவே வரப் போகிறார்கள் என்பதுபோல ஒவ்வொரு முகமாகத் தேடினார். தவமலருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அக்கா, இது காணும், விட்டிடுங்கோ. முழங்கால் வேறை சரியில்லை."

"இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு," என்றார் நாகேஸ்வரி. ஆனால் அவர் தேத்தண்ணி தொடாமலே ஆறிப்போயிருந்தது. அவர் கதவைப் பார்க்கவில்லை, கம்பிக்குப் பக்கத்தில் நின்ற மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மறுபடி திறந்து ஒரு பெரிய கூட்டம் வெளியே வந்தது. நாகேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். சுற்றிப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து, பெட்டி தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு நடுவே நடந்து வந்தார்.

சபாரத்தினம் கண்டுவிட்டார். கம்பிக்கு மேலால் பூவை நீட்டினார். ஒலிவாங்கி கிடைத்தால் அரை மணி நேரம் விடாத மனிதர் அவர்.

"பயணம் எப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

நாகேஸ்வரி பூவை வாங்கிக்கொண்டார். "கொஞ்சம் பிந்திப்போச்சு," என்றார்.

தவமலர் கஃபே மேசையில் கொப்பியை விரித்தார். கண் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. இருந்தாலும் நான்காம் பக்கத்துக்குக் கடைசியாக ஒன்று எழுதினார்: 'நாகேஸ்வரி விதித்தது மூன்று மணி நேரம். இரண்டு மணி இருபது நிமிடத்தில் அவரே எழும்பிப் போய்விட்டார். வெளியே மழை. நான் அங்கே நின்றேன்.'